செம்பு மட்டும் ஏன் வெளியேறுவதில்லை?

கேள்வி: ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே நூற்பாலைக் கழிவுதான் எங்கள் தொழில். ரிங் ஃபிரேம் கதிர், ரோலர், பேரிங், லேத் டர்னிங், பழைய மோட்டார் எல்லாம் வரும். ஒரு லோடு சேர்ந்ததும் லாரி ஏற்றி உருக்கு உலைக்கு அனுப்புவோம். சமீபத்தில் அனுப்பிய லோடில் பாதியைத் திருப்பிவிட்டார்கள். "அண்ணாச்சி, மோட்டாரை அப்படியே போட்டிருக்கீங்க, உள்ளே காயில் இருக்கு. செம்பு எங்களுக்கு ஆகாது" என்றார் அங்கே சரக்கு பார்க்கிறவர். அதே லோடில் அலுமினியத் துண்டு, துத்தநாகம் பூசிய தகடு, பெயின்ட் அடித்த கம்பி எல்லாம் கிடந்தன. அவற்றுக்கு எடையில் கொஞ்சம் கழித்தார்களே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. செம்பு இரும்பைவிடப் பல மடங்கு விலை உள்ள சரக்கு. அது சேர்ந்தால் இரும்பின் தரம் கூடத்தானே வேண்டும்? வீடு கட்டும் கம்பிக்கு விளம்பரம் செய்கிறவர்களே "செம்பு கலந்தது, துரு பிடிக்காது" என்கிறார்கள். அப்படியிருக்க, என் செம்பு மட்டும் என்ன பாவம் செய்தது?

— ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: பாவம் எதுவும் செய்யவில்லை. உலைக்குள் போனால் அது வெளியே வராது, குற்றம் அவ்வளவுதான். அலுமினியம் வந்துவிடும், துத்தநாகம் புகையாகப் போய்விடும், பெயின்ட் எரிந்துவிடும். செம்பு மட்டும் போட்டது போட்டபடி கம்பிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிரித்தெடுக்க உலைக்காரரிடம் வழியில்லை. அதனால்தான் உங்களையே எடுத்துவிட்டு அனுப்பச் சொல்கிறார்.

விஷயம் ஆக்சிஜனில் இருக்கிறது. இரும்பை உருக்க 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் உருகலைச் சுற்றிக் காற்று இருக்கிறது, துருவோடு வந்த ஆக்சிஜன் இருக்கிறது. பெரிய ஆலைகளில் குழாய் வைத்து ஆக்சிஜனை ஊதவும் செய்கிறார்கள். உருகலில் கலந்திருக்கும் தனிமங்களில் எது ஆக்சிஜனை இரும்பைவிட வலுவாகப் பிடித்துக்கொள்ளுமோ, அது ஆக்சைடாக மாறி, எடை குறைந்த கசடாக மேலே மிதக்கும். உங்கள் வட்டாரத்தில் அதை ஸ்லாக் என்றுதான் சொல்வார்கள். இரும்பைவிடப் பிடிப்புக் குறைந்த தனிமமோ, சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு இருக்கும்வரை ஆக்சைடாகவே நிலைக்காது. தப்பித்தவறி ஆனாலும், இரும்பு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு அதை மறுபடி உலோகமாக்கிவிடும். செம்பின் கதை இதுதான்.

இந்தப் பிடிப்பை நீங்கள் தீபாவளிக்குத் தீபாவளி பார்த்திருக்கிறீர்கள். பக்கத்துச் சிவகாசியிலிருந்து வரும் கம்பி மத்தாப்பில் அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் உண்டு. கண் கூசும் வெள்ளை வெளிச்சம் அலுமினியம் எரிவது. சிதறி ஓடும் பொன்னிறப் பொறி இரும்பு எரிவது. ஆக்சிஜன் கிடைத்தால் அலுமினியம் எவ்வளவு வெறியோடு பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை வேண்டாம். உருக்காலையிலும் அதே அலுமினியத்தை அதே குணத்துக்காகத்தான் போடுகிறார்கள். உருகிய இரும்பில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்ச, லேடில் என்னும் உருக்கு ஊற்றும் வாளியில் அலுமினியக் கட்டியோ கம்பியோ இறக்குவார்கள். இறக்காவிட்டால், உருக்கு உறையும்போது அந்த ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து வாயுவாகக் கொப்பளித்து, பில்லட் என்னும் வார்ப்புக் கட்டிக்குள் ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

எந்தத் தனிமத்துக்கு எவ்வளவு பிடிப்பு என்பதை, ஹெரால்ட் எல்லிங்காம் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1944-இல் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார். இன்றைக்கும் உலோகவியல் படிக்கிற மாணவர் அதைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது. கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், டைட்டானியம், சிலிக்கான் ஆகியவை ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் கூட்டம். உருக்கும்போது உள்ளே விழுந்தால் இவை கசடுக்குப் போய்விடும். மாங்கனீசும் குரோமியமும் நடுவில் நிற்பவை; பாதி இங்கே, பாதி அங்கே. எவ்வளவு போகும், எவ்வளவு தங்கும் என்பது உலையின் சூட்டையும் கசடின் குணத்தையும் பொறுத்தது. இரும்புக்கு மறுபக்கம் நிக்கல், கோபால்ட், மாலிப்டினம், செம்பு, வெள்ளீயம் நிற்கின்றன. இவை போட்டால் போட்டதுதான்.

துத்தநாகம் இந்த வரிசைக்கே கட்டுப்படாது. 907 டிகிரியில் அது கொதித்து ஆவியாகிவிடும்; இரும்பு உருகுவதற்கு முன்பே போய்விட்டது என்று அர்த்தம். உலைக்கு மேலே வெள்ளையாகக் கிளம்பும் புகை அதுதான். ஈயம் இன்னொரு மாதிரி. அது இரும்பில் கரையாது, இரும்பைவிடக் கனம். அடியில் இறங்கி, உலையின் உட்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நுழைந்து கசியும். இண்டக்‌ஷன் உலை வைத்திருப்பவர்கள் பேட்டரித் தட்டைக் கண்டால் பதறுவது இதனால்தான்.

இனி, செம்பு தங்கினால் என்ன கெடுதல் என்ற கேள்விக்கு வருவோம். உருக்கும் இடத்தில் ஒரு கெடுதலும் தெரியாது. சாம்பிள் எடுத்து, தனிமங்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்தால் ஓர் எண் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். தொல்லை ரோலிங் மில்லில்தான் தொடங்கும். அங்கே பில்லட்டை மறுபடி 1,150, 1,200 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் பில்லட்டின் மேல்தோல் காற்றுப் பட்டு ஆக்சைடாகி, கருப்புச் செதிலாகிறது. இரும்பு ஆக்சைடாகும், அதிலிருக்கும் செம்பு ஆகாது. ஆகாத செம்பு செதிலுக்கு அடியில் ஒதுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். உள்ளே கால் சதவீதம், அரை சதவீதம்தான் செம்பு இருந்தாலும், செதிலுக்கும் உலோகத்துக்கும் நடுவே அது பல மடங்காகக் குவிந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் இரும்பால் அதைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியாமல், தனிச் செம்பாகப் பிரியும். செம்பு உருகுவது 1,085 டிகிரியில். ஆகவே, அந்த இடத்தில் மயிரிழைப் படலமாகத் திரவச் செம்பு நிற்கிறது. உருக்கு என்பது சின்னச் சின்னப் படிக மணிகள் நெருங்கி அமைந்த பொருள். திரவச் செம்பு அந்த மணிகளுக்கு நடுவே உள்ள எல்லைகளில் புகுந்து ஓடும். இந்த நிலையில் பில்லட் ரோலருக்குள் நுழைந்து இழுபட்டதும், மேல்தோல் வலை வலையாகக் கீறும். கம்பி குளிர்ந்த பிறகு விரலால் தடவினால் மீன் செதில்போல் தட்டுப்படும். உலைக்காரர் பயப்படுவது இதற்கு.

வெள்ளீயம் கூடச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சூடான இரும்பு கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய செம்பின் அளவை அது குறைத்துவிடுகிறது. அதனால் செம்பு சீக்கிரமே பிரிந்து நிற்கும். வெண்கலப் புஷ், சால்டர் வைத்த இணைப்பு, தகர டப்பா இவற்றிலிருந்துதான் வெள்ளீயம் வருகிறது. மோட்டாரோடு வெண்கலப் புஷ்ஷும் போனால், இரண்டு குற்றவாளிகளையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியதாக ஆகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உலைக்காரர் ஏன் பாதி லோடைத் திருப்பினார் என்பது புரியும். 10 டன் பிடிக்கும் உலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டாரில் 5 கிலோ செம்பு இருப்பதாக வைப்போம். ஒரு மோட்டார் விழுந்தால் மொத்த உருகலில் செம்பு 0.05 சதவீதம் கூடும். ஆறு மோட்டார் விழுந்தால் 0.3 சதவீதம். சாதாரணக் கழிவில் ஏற்கெனவே 0.15, 0.2 என்று ஒட்டிக்கொண்டு வரும். கட்டடக் கம்பிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் வரை சமாளிக்கலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் கணக்கு. உங்கள் ஆறு மோட்டார் அதைத் தாண்டிவிட்டன. ஆழமாக அழுத்தி உருவாக்கும் கார் தகடுக்கு 0.06 சதவீதமே அதிகம். அந்த மாதிரித் தகடு செய்கிறவர்கள் பழைய இரும்பைக் கண்ணெடுத்தும் பார்க்கத் தயங்குவது இதனால்தான்.

ஏறிவிட்ட செம்பைக் குறைக்க வழியே இல்லையா என்றால், ஒன்றுதான் உண்டு: செம்பில்லாத இரும்பைச் சேர்த்து நீர்க்கச் செய்வது. தாதுவிலிருந்து நேரடியாக வரும் ஸ்பாஞ்ச் அயர்னில் செம்பு அநேகமாக இருக்காது. அதைக் கூட்டிக் கலந்தால் சதவீதம் இறங்கும். ஆனால் காசும் மின்சாரமும் கூடும். உருகிய இரும்பிலிருந்து செம்பைப் பிரிக்க ஆய்வகங்களில் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். ஆலையில் பரவலாக நடைமுறைக்கு வந்தது எதுவும் இல்லை. ஆகவே, செம்பைப் பொறுத்தவரை சுத்திகரிப்பு ஆலை என்பது உங்கள் கடை முற்றம்தான். சுத்தியலும் உளியும் வைத்து மோட்டாரைப் பிளக்கிற உங்கள் ஆள் செய்யும் வேலையை, கோடிக்கணக்கில் முதல் போட்ட உலையால் செய்ய முடியாது. இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை.

விளம்பரத்தில் வரும் செம்புக் கம்பி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பொய்யில்லை, கொஞ்சம் மிகை. கடலோரத்துக்கென்று விற்கும் அரிப்பைத் தாங்கும் கம்பிகளில் செம்பு, குரோமியம், சில சமயம் பாஸ்பரஸ் ஆகியவற்றை அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். செம்பு இருந்தால் மேலே உருவாகும் துருப்படலம் நெருக்கமாக அமைந்து, ஈரம் உள்ளே போவதைத் தடுக்கும். துரு பிடிக்காது என்பதைவிட, மெதுவாகப் பிடிக்கும் என்பதே சரி. மேலைநாடுகளில் பாலங்களுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் பயன்படும் கார்ட்டென் உருக்கிலும் கால் முதல் அரை சதவீதம் வரை செம்பு உண்டு. ஆனால் அங்கே துணைக்கு நிக்கலும் சேர்ப்பார்கள். சூடான இரும்பு செம்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும் அளவை நிக்கல் கூட்டும்; செதிலுக்கு அடியில் திரவச் செம்பு பிரியாமல் அது பார்த்துக்கொள்ளும். அங்கே அளந்து போடுகிறார்கள். உங்கள் மோட்டாரில் வருவது எவ்வளவென்று யாருக்கும் தெரியாது.

உங்கள் லோடில் இருக்கும் மற்ற சரக்குகளையும் பார்த்துவிடலாம். நூற்பாலைக் கதிரும் பேரிங்கும் பெரும்பாலும் ஒரே இனத்து உருக்கு: கரி 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை சதவீதம் அளவில். இதைச் சாதாரணக் கம்பி உருக்கும் உலையில் போட்டால் குரோமியத்தில் ஒரு பகுதி கசடுக்குப் போகும், மிச்சம் தங்கும். தங்கியது கம்பியை எதிர்பாராத இடத்தில் கடினப்படுத்தும். வளைக்கும்போது ஒடியும் கம்பி பற்றிக் கொத்தனார் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள்; அதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று. கதிரையும் பேரிங்கையும் தனியாகச் சேர்த்து, அலாய் உருக்கு செய்கிறவர்களிடம் கொடுத்தால் விலையும் கூடும். லேத் பட்டறையிலிருந்து வரும் உடைந்த ட்ரில் பிட், எச்எஸ்எஸ் டூல் பிட் இவற்றில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் இருக்கின்றன. அவை உருகலில் தங்குகிறவை என்பதால்தான் அவற்றுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. சாக்கில் தனியாகக் கட்டி வையுங்கள்.

துருப்பிடித்த டர்னிங்கை உலைக்காரர் மட்டமாக மதிப்பதற்கும் வேதியியல் காரணம் இருக்கிறது. துரு என்பது பொடியாக வந்த ஆக்சிஜன். அது உலையில் விழுந்ததும் உருகலில் இருக்கும் கரியையும் சிலிக்கானையும் மாங்கனீசையும் தின்னும். தின்றதை ஃபெரோ சிலிக்கானாகவும் சிலிக்கோ மாங்கனீசாகவும் காசு கொடுத்து வாங்கித் திரும்பப் போட வேண்டும். 10 டன் உருகலில் மாங்கனீசு அரை சதவீதம் குறைந்தால் 50 கிலோ மாங்கனீசு வேண்டும். 60 சதவீத மாங்கனீசு உள்ள சிலிக்கோ மாங்கனீசில் அது 83 கிலோ. போட்டதில் பத்தில் ஒரு பங்கு மறுபடி ஆக்சிஜனுக்குப் பலியாகும் என்று வைத்தால் 92, 93 கிலோ. நல்ல அனுபவமுள்ள மெல்ட்டர் கரியும் சிலிக்கானும் போட்டு முதலில் ஆக்சிஜனை அடக்கிவிட்டுத்தான் விலை கூடிய அலாயைக் கடைசியாக லேடிலில் போடுவார். நிக்கலுக்கு அந்தக் கவலையே இல்லை. பழைய இரும்போடு சேர்த்து ஆரம்பத்திலேயே கொட்டினாலும் அப்படியே இருக்கும்.

இன்னொரு எதிரி பாஸ்பரஸ். செம்புபோல் அது தீராத நோய் இல்லை. ஆனால் மருந்துக்கு ஏற்ற உடம்பு வேண்டும். பாஸ்பரசைக் கசடுக்கு இழுக்கச் சுண்ணாம்பு நிறைந்த காரக் கசடு வேண்டும். நம் பக்கத்துச் சின்ன இண்டக்‌ஷன் உலைகளின் உட்பூச்சு, ராம்மிங் மாஸ் என்று எல்லோரும் சொல்கிற சிலிக்கா மணல். அதில் சுண்ணாம்பைக் கொட்டினால் பாஸ்பரஸ் போவதற்கு முன் உட்பூச்சே கரைந்து போகும். எஃப்இ 500டி ரகக் கம்பியில் பாஸ்பரஸ் 0.040 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர விதி. உலையால் குறைக்க முடியாத இடத்தில், உள்ளே வரும் சரக்கிலேயே குறைவாக இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் இதே தலைவலி இருந்தது. 1870-களின் கடைசியில் சிட்னி தாமஸ் என்பவரும் அவருடைய உறவினர் கில்கிறிஸ்டும் உலையின் உட்பூச்சையே காரப் பொருளாக மாற்றிக் காட்டிய பிறகுதான் அங்கே பாஸ்பரஸ் மிகுந்த தாதுவைத் தொட முடிந்தது. அலுமினியத்தை எடையில் கழித்து வாங்கிக்கொள்கிறார்கள் என்றீர்களே, அதுவும் இந்த உட்பூச்சுக்கு நல்லதில்லை. சிலிக்காவிலிருந்து அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கும், பூச்சு அரிக்கும். கொஞ்சமாக வருவதால் பொறுத்துப் போகிறார்கள்.

மாங்கனீசைப் பற்றிப் பேசும்போது பரங்கிப்பேட்டையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஜோசியா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானி அதிகாரி. வேலையை விட்டுவிட்டு, சேலத்துக் காந்தக்கல் தாதுவை நம்பி, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்தில் நம்மவர்கள் மூடிய மண்குகையில், அதாவது மண்ணால் செய்த உருக்கும் கலத்தில், உருக்கு செய்வதை நேரில் பார்த்து எழுதியவர் அவர். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் பச்சை இலையும் வைத்து, வாயை மண்ணால் பூசிச் சுடுவார்கள். உள்ளே காற்று புக வழியில்லாததால் ஆக்சிஜன் ஆட்டம் அங்கே செல்லாது. கரி எரிந்து வெளியேறாமல் இரும்புக்குள் இறங்கும். தாதுவிலிருந்து வந்த துளியளவு வனேடியமும் பத்திரமாகத் தங்கும். இந்த வகை உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாள்களில் தெரியும் நீரலைக் கோடுகளுக்கு அந்தத் துளி வனேடியமே காரணம் என்று 1990-களில் அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவன் குழுவினர் காட்டினார்கள்.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, ஷெஃபீல்டு உருக்கில் மாங்கனீசைச் சேர்த்தால் மட்டமான இரும்பும் தட்டிப் பற்றவைக்கும்படி நல்ல உருக்காகிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் காப்புரிமை வாங்கினார். காரணம் இன்று நமக்குத் தெரியும். கந்தகம் இரும்போடு சேர்ந்தால், ஆயிரம் டிகிரிக்குக் குறைவிலேயே உருகும் படலமாக மணிகளின் எல்லையில் படியும். சுடச்சுடத் தட்டினால் கீறும். மாங்கனீசு கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சூட்டில் உருகாத துகளாக்கிவிடும். ஆக்சிஜனையும் கூடவே பிடித்துக்கொள்ளும். செம்பு செய்கிற அதே வேலையைத்தான் கந்தகமும் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கந்தகத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. விலை கூடிய நிக்கலைத் தவிர, செம்புக்கு அப்படி ஒரு மாங்கனீசு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹீத்தின் கதை நீதிமன்றத்தில் போய் முடிந்தது. முன்கூட்டியே தயாரித்த மாங்கனீசு கார்பைடைப் போடுவதுதான் அவருடைய காப்புரிமை. அவருக்கே முகவராக இருந்த அன்வின் என்பவர், மலிவான மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியே குகையில் போட்டால் அதே பலன் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு, உரிமைத்தொகை தர மறுத்தார். குகைக்குள் கார்பைடு தானாக உருவாகிறதா, உருவாகிப் பிறகுதான் உருக்கில் சேர்கிறதா என்பதே வழக்கு. 1,600 டிகிரியில் மூடிய குகைக்குள் நடப்பதைப் பற்றி நீதிபதிகள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். 1855-இல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஹீத் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

நடைமுறைக்கு வருவோம். மோட்டாரில் ஸ்டேட்டரை மட்டும் வெட்டிக் காயிலை உருவினால் போதாது. ரோட்டரைப் பாருங்கள்: அணில் கூண்டு ரோட்டரில் பெரும்பாலும் அலுமினியம், பழைய பெரிய மோட்டார்களில் செம்புக் கட்டை இருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டி, கான்டாக்டர், ஆல்டர்னேட்டர், வாகன வயரிங் இவைதான் கண்ணுக்குத் தப்பிச் செல்பவை. காந்தம் தூக்குகிறதே என்று இரும்புக் குவியலில் விழுந்துவிடும். மூடிய சிலிண்டர், தண்ணீர் தேங்கிய குழாய் இரண்டையும் எக்காரணம் கொண்டும் லோடில் ஏற்றாதீர்கள். அது வேதியியல் இல்லை, வெடிவிபத்து.

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா செய்து விற்கிறோம். பால் கேன், தட்டு, அடுக்கு எல்லாம் எவர்சில்வர். பழசை எடைக்குப் போட்டபோது கடைக்காரர் காந்தம் வைத்து, ஒட்டியதற்கு ஒரு விலை, ஒட்டாததற்கு ஒரு விலை என்றார். ஒட்டாததிலும் பால் கேனுக்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்தார். எல்லாமே எவர்சில்வர்தானே? இரும்புக் கடைக்காரர் இரும்பு விலைதான் தருவேன் என்கிறார். யார் சரி?

— ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: இருவரும் சரி. உங்கள் சரக்கு எந்த உலைக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது குரோமியத்தால். குறைந்தது 10.5 சதவீதமாவது அது வேண்டும். குரோமியம் மட்டும் இருந்தால் காந்தம் ஒட்டும். உங்கள் கல்லாவில் கிடக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களே அதற்குச் சாட்சி: 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். நிக்கல் 8 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தால் படிக அமைப்பே மாறி, காந்தம் ஒட்டாது. பால் கேனுக்குப் பயன்படும் 304 ரகம் அது. நிக்கல் விலை அதிகம் என்பதால், வீட்டுப் பாத்திரங்களில் நிக்கலை ஒன்று, ஒன்றரை சதவீதமாகக் குறைத்து, அதன் வேலையை மாங்கனீசு, நைட்ரஜன், செம்பு ஆகியவற்றிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஜே4 என்று வியாபாரிகள் சொல்வது இந்த இனம். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் விலை மதிப்பு குறைவு. மேலே ராஜபாளையம் வாசகர் படித்தால் வியப்பார்: அதில் செம்பு ஒன்றரை சதவீதம் வரை இருக்கிறது, வேண்டுமென்றே சேர்த்தது. எவர்சில்வர் சூட்டில் செதிலாக உரிவது மிகக் குறைவு. அதனால் செம்பு தோலுக்கு அடியில் குவிய வாய்ப்பில்லை.

குரோமியத்தின் குணம்தான் இதில் சுவாரசியமானது. எவர்சில்வர் செய்யக் கரியை 0.08 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜன் ஊதிக் கரியை எரித்தால், கூடவே குரோமியமும் எரிந்து கசடாகிவிடும். வெகுநாள் இதற்கு வழி தெரியாமல், கரியில்லாத விலை கூடிய ஃபெரோ குரோமைக் கடைசியில் கொட்டிச் சமாளித்தார்கள். 1954-இல் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் கிரிவ்ஸ்கி என்பவர், ஆக்சிஜனோடு ஆர்கான் வாயுவைக் கலந்து ஊதினால் கரி மட்டும் எரிகிறது, குரோமியம் தங்குகிறது என்று கவனித்தார். கரி எரிந்தால் வாயு. ஆர்கான் அந்த வாயுவை நீர்க்கச் செய்து குமிழோடு வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கரி எரிவது சுலபமாகிறது. குரோமியம் எரிந்தால் வருவது வாயு இல்லை என்பதால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. 1968-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் இந்த முறைக்கான முதல் ஆலைக்கலம் வந்தது. நம் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் தகட்டை உருட்ட மட்டும்தான் ஆரம்பித்தது; 2010-இல் சொந்தமாக உருக்கத் தொடங்கியபோது, மின்வில் உலைக்கு அடுத்து இந்த ஆர்கான் கலத்தைத்தான் வைத்தார்கள். ஊதி முடித்த பிறகும் கொஞ்சம் குரோமியம் கசடில் இருக்கும். அப்போது ஃபெரோ சிலிக்கானைப் போடுவார்கள். சிலிக்கான் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, குரோமியத்தில் பெரும்பகுதி உருகலுக்குத் திரும்பும்.

இப்படிப்பட்ட ஆலைக்குப் போகும் சரக்கு என்றால் உங்கள் நிக்கலுக்கும் விலை, குரோமியத்துக்கும் விலை. கம்பி உருக்கும் சின்ன உலைக்குப் போனால் குரோமியத்தில் ஒரு பங்கு கசடு, மிச்சமும் நிக்கலும் வேண்டாத விருந்தாளி. அந்த இரும்புக் கடைக்காரர் இரும்பு விலைக்குமேல் ஏன் தரப்போகிறார்?

காந்தத்தால் 304-ஐயும் ஜே4-ஐயும் பிரிக்க முடியாது. நன்றாக அழுத்தி வளைத்த இடங்களில் 304-உம் லேசாக ஒட்டும், அதை வைத்து ஏமாற்ற இடமுண்டு. எவர்சில்வர் பழசு வாங்குகிறவர்களிடம் ஒரு சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும். பாத்திரத்தின் அடியில் சுத்தமாகத் தேய்த்த இடத்தில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியின் ஒரு முனையைப் பாத்திரத்திலும் இன்னொன்றைச் சொட்டிலும் தொடுவார்கள். சில விநாடிகளில் சிவந்தால் மாங்கனீசு மிகுந்த சரக்கு. நிறம் மாறாவிட்டால் 304 விலை கேளுங்கள். உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், கேனின் மூடியையும் அடியையும் தனித்தனியாக. சில கேன்களில் அவை வேறு வேறு ரகமாக இருக்கும்.